எழுத்து போடுவதற்குள் பயம் வர வேண்டும்!

சினிமாவுக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பத்து நிமிடம் தாமதமானாலும் கதை புரிந்துவிடும் என்று நிதானமாக வருகிறவர்கள் ஒரு வகை. "எழுத்து போடுவதற்குள் போய்விட வேண்டும்" என்று பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வருகிறவர்கள் இன்னொரு வகை.

பேய்ப் படத்தைப் பொறுத்தவரை இரண்டாவது வகைக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். பயத்தின் விதை அங்கேதான் ஊன்றப்படுகிறது. 1960-ல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தமது 'சைக்கோ' படத்தை வெளியிட்டபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசலில் அறிவிப்பு வைத்தார்கள். தாமதமாக வந்தவர்கள் அடுத்த காட்சிக்குக் காத்திருந்தார்கள்.

"அந்தத் தொடக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். எழுத்தும் தொடக்கமும் சேர்ந்து இரண்டே நிமிடம். மீதிப் படம் வேண்டாம்" என்று பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தால் எப்படி இருக்கும்?

வேடிக்கை அல்ல. இங்கிலாந்தில் இது நடந்தது.

நூறு மார்க்கு

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில் 'மீடியா ஸ்டடீஸ்' என்று ஒரு பாடம் எடுத்துப் படிக்கலாம். பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன், சினிமா ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. ஓ.சி.ஆர். என்ற பரீட்சை வாரியம் 2008-ல் தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நடத்திய பாடத்திட்டத்தில், முதல் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறை வேலை இருந்தது.

அதில் வீடியோவைத் தேர்ந்தெடுத்தவர்கள், இல்லாத ஒரு புதிய கதைப் படத்தின் எழுத்தையும் தொடக்கத்தையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. படமும் சத்தமும் மாணவர்களே உண்டாக்கியதாக இருக்க வேண்டும். பின்னணி இசைக்கும் ஓசைகளுக்கும் மட்டும் சலுகை உண்டு. உரிமைப் பிரச்சினை இல்லாத இடத்திலிருந்து அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

மொத்தம் 100 மார்க்கு. அதில் ஆராய்ச்சிக்கும் திட்டத்துக்கும் 20. எடுத்த படத்துக்கு 60. எடுத்து முடித்தபின் தங்கள் வேலையைத் தாங்களே எடைபோட்டு எழுதுவதற்கு 20.

கதை எதுவாகவும் இருக்கலாம். காதல் கதை எடுக்கலாம், துப்பறியும் கதை எடுக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் பேய்ப் படத்தையும் திகில் படத்தையும் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் ஏராளம்.

காரணம் எளிது. காதல் கதைக்கு அழகான ஜோடி வேண்டும், இருவரும் நன்றாக நடிக்கவும் வேண்டும். சண்டைப் படத்துக்கு மோட்டார் வண்டியும் ஆட்களும் வேண்டும். பேய்ப் படத்துக்கு ஒரு வீடு, ஒரு மாடிப்படி, ஒரு டார்ச் விளக்கு போதும் என்று தோன்றும். இருட்டுக்கு வாடகை கிடையாது!

இப்படி நினைத்து இறங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள். இருட்டைப் படம் பிடித்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. முகமூடி போட்ட நண்பன் திடீரென்று குதித்தால் வகுப்பே சிரிக்கும். சிரிப்புக்கும் பயத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான். அந்த நூல் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் அந்த 20 மார்க்கு.

கதவைத் திற, நாற்காலியில் உட்கார்

பேயைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சி உண்டு. ஒருவர் கதவைத் திறந்து வருகிறார். அறையைக் கடந்து போய், எதிரே இருப்பவருக்கு முன்னால் நாற்காலியில் உட்காருகிறார். இருவரும் ஓரிரு வார்த்தை பேசுகிறார்கள். அவ்வளவுதான். இதைப் படம் பிடித்துத் தொகுக்க வேண்டும்.

"இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். சினிமாவின் இலக்கணம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

கதவுக்கு வெளியே கை கைப்பிடியைத் திருகுகிறது. அடுத்த துண்டில், உள்ளே இருந்து பார்க்கும்போது அதே கை அதே வேகத்தில் தள்ள வேண்டும். வெளியே வலது கையால் திறந்துவிட்டு உள்ளே இடது கையால் தள்ளினால், பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. ஆனால் எங்கோ இடறும். இடறினால் கதையிலிருந்து மனம் வெளியே வந்துவிடும்.

பேசும் காட்சிக்கு இன்னொரு விதி. எதிரெதிரே இருக்கும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாகப் பாவிக்க வேண்டும். காமிரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் நிற்கலாம். கால்பந்து மைதானத்தில் ஒரு பக்கத்து காலரியில் இருந்தால், எந்த அணி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் குழப்பம் வராது. பாதி ஆட்டத்தில் எதிர்க் காலரிக்குத் தாவினால் எல்லாம் தலைகீழ். சினிமாவிலும் அப்படித்தான். கோட்டைத் தாண்டினால், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தெரிவார்கள்.

பயமுறுத்த விரும்புகிறவர்களுக்கு இந்த விதி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். திசை தெரிந்தால்தான், "அவள் முதுகுப் பக்கம் ஏதோ இருக்கிறது" என்பது புரியும். திசையே தெரியாதவனுக்கு முதுகு ஏது?

நோட்டுப் புத்தகத்தோடு படம் பார்த்தல்

அடுத்தது ஆராய்ச்சி. பெயர்தான் பெரிது. மற்றவர்கள் எடுத்த தொடக்கங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதுதான் வேலை. ஆனால் ரசிகனாக அல்ல, கணக்கப்பிள்ளையாகப் பார்க்க வேண்டும். எத்தனை துண்டு? ஒவ்வொன்றும் எத்தனை விநாடி? காமிரா எந்த உயரத்தில்? முதல் சத்தம் எப்போது? பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியாமல் வைக்கப்பட்டிருக்கிறது?

'சைக்கோ'வையே எடுத்துக்கொள்வோம். கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் அந்த எழுத்துக் காட்சியை அமைத்தவர் சால் பாஸ். எழுத்து முடிந்ததும் பேய் பிசாசு எதுவும் இல்லை. ஒரு நகரம் தெரிகிறது. திரையில் ஊரின் பெயர் ஃபீனிக்ஸ் என்று வருகிறது. வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11, பிற்பகல் 2 மணி 43 நிமிடம் என்று வருகிறது. ஆபீஸ் வருகைப் பதிவேடு போல!

கதாநாயகி ஒரு வீட்டு வியாபாரக் கம்பெனியில் வேலை பார்க்கும் சாதாரண குமாஸ்தாப் பெண். பாங்கில் கட்டச் சொல்லிக் கொடுத்த 40,000 டாலரை எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகிறாள். அதுவரை இது ஒரு பணத் திருட்டுக் கதை. இவ்வளவு கறாராக மணியும் தேதியும் சொல்கிற படத்தில் கோரம் வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அந்த எதிர்பாராமைதான் ஹிட்ச்காக் போட்ட முதலீடு.

அடுத்த உதாரணம் 1978-ல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்'. கறுப்புத் திரையின் ஒரு பக்கத்தில், உள்ளே விளக்கு எரியும் ஒரு பூசணிக்காய் முகம். காமிரா மெல்ல மெல்ல அதன் அருகே போகிறது. எழுத்து போடுகிறார்கள். கார்ப்பென்டர் தாமே அமைத்த பியானோ இசை விடாமல் ஓடுகிறது. சாதாரணமாகப் பாட்டுக்கு நான்கு தட்டு என்றால் இதற்கு ஐந்து தட்டு. காது ஒரு தட்டு முன்னாலேயே முடிவை எதிர்பார்க்கிறது, அது முடிவதில்லை. அந்த ஒரு தட்டில்தான் மனம் தத்தளிக்கிறது.

எழுத்து முடிந்ததும் 1963-ம் ஆண்டு, ஓர் இரவு. யாரோ ஒருவரின் கண்ணாக மாறிக் காமிரா ஒரு வீட்டை நெருங்குகிறது. ஜன்னல் வழியாக ஒரு பெண்ணையும் அவள் காதலனையும் பார்க்கிறது. சமையலறை வழியாக உள்ளே போகிறது. ஒரு கை நீண்டு கத்தியை எடுக்கிறது. கீழே கிடக்கும் முகமூடியை எடுத்து மாட்டியதும், அதன் இரண்டு துளைகள் வழியாகத்தான் நமக்கும் காட்சி தெரிகிறது. கொலை முடிந்து வெளியே வந்த பிறகு, தகப்பனார் முகமூடியைக் கழற்றுகிறார். உள்ளே இருப்பது ஆறு வயதுச் சிறுவன்!

ஏறக்குறைய நான்கு நிமிடம், ஒரே மூச்சில் எடுத்தது போலத் தோன்றும். இடையில் மறைவாக ஒட்டிய இடம் உண்டு. கத்தியை எடுக்கும் கை அந்தச் சிறுவனுடையது அல்ல. படத்தின் தயாரிப்பாளரும் கார்ப்பென்டரோடு சேர்ந்து கதை எழுதியவருமான டெப்ரா ஹில் அம்மையாரின் கை.

நோட்டுப் புத்தகத்தோடு பார்த்த மாணவனுக்கு இங்கே ஒரு உண்மை புலப்படும். கொலை செய்வது யார் என்ற ஒரே ஒரு விஷயம்தான் நான்கு நிமிடமும் ஒளித்து வைக்கப்பட்டது. மற்றதெல்லாம் காட்டப்பட்டது. பயம் என்பது காட்டுவதில் மட்டும் இல்லை. எதைக் கடைசியில் காட்டுவது என்ற வரிசையில் இருக்கிறது.

காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் 'ஜகன்மோகினி' பேயை 1978-லேயே பார்த்துவிட்ட நம்மவர்களுக்கு இது வேறு ரகமாகத் தோன்றலாம். விட்டலாச்சார்யா பேயைக் கண் முன்னால் நிறுத்தி வியக்க வைத்தார். கார்ப்பென்டர் பேயின் கண்ணுக்குள் நம்மை உட்கார வைத்தார். இரண்டும் தெரிந்து செய்த வேலைதான்.

யாருக்காகப் பயமுறுத்துகிறாய்?

மாணவர்கள் செய்ய வேண்டிய இன்னொரு ஆராய்ச்சி, பார்ப்பவர்களைப் பற்றியது. உங்கள் படம் யாருக்கு? அவர்களுக்கு வயது என்ன? எதற்குப் பயப்படுவார்கள்? சக மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கினார்கள். விடைகளைக் கணக்கிட்டுப் படம் போட்டுக் காட்டினார்கள்.

பிரிட்டனில் தணிக்கை முத்திரைக்கு நீண்ட வரலாறு உண்டு. பயங்கரப் படங்களுக்கென்றே 1932-ல் 'எச்' என்ற முத்திரை வந்தது. 1951-ல் அது போய் 'எக்ஸ்' வந்தது. 1982-ல் 15, 18 என்று வயதையே முத்திரையாக்கினார்கள். பெரும்பாலான மாணவர்கள் 15-ஐத் தேர்ந்தெடுத்தால் அதில் வியப்பில்லை. 18 என்று போட்டால் தாங்கள் எடுத்த படத்தைத் தாங்களே பார்க்க முடியாதே!

பார்ப்பவர்களை ஆராய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இங்கிலாந்துவரை போக வேண்டியதில்லை. மும்பை லாமிங்டன் ரோட்டிலேயே ஒரு கதை இருக்கிறது.

ரேடியோக் கடைக்காரர் பிள்ளைகள்

பிரிவினையின்போது கராச்சிப் பக்கமிருந்து மும்பைக்கு வந்தவர் எஃப்.யு. ராம்சே. லாமிங்டன் ரோட்டில் ரேடியோக் கடை வைத்தார். ராம்சிங்கானி என்பதுதான் குடும்பப் பெயர். வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் வாயில் நுழையாமல் 'ராம்சே' ஆயிற்று. கடையோடு சினிமாத் தயாரிப்பிலும் இறங்கினார். ஏழு பிள்ளைகள்.

1970-ல் அவர் எடுத்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கீ தீ' படம் ஓடவில்லை. கையைச் சுட்டது. ஆனால் பிள்ளைகள் துளசியும் ஷ்யாமும் தியேட்டருக்குப் போய் ஜனங்களைக் கவனித்தார்கள். படத்தில் ஒரு காட்சி. பிருத்விராஜ் கபூர் கோரமான முகமூடி மாட்டிக்கொண்டு மியூசியத்தில் திருட வருவார். அந்த ஒரு காட்சியில் மட்டும் கொட்டகை அலறியது. அதற்காகவே சிலர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

ஓடாத படத்தில் ஓடிய ஒரு காட்சியைக் கண்டுபிடித்தார்களே, அதுதான் ஆராய்ச்சி! "முழுக்க அப்படியே ஒரு படம் எடுத்தால் என்ன?" என்று தகப்பனாரிடம் கேட்டார்கள்.

இவர்கள் யாரும் சினிமாப் பள்ளியில் படித்தவர்கள் அல்ல. ஜோசப் மாஸெல்லி எழுதிய ஒளிப்பதிவு நூல் ஒன்றை வைத்துக்கொண்டு, காஷ்மீரில் படகு வீட்டில் தங்கித் தொழில் படித்தார்கள். வேலையை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கங்கு காமிரா, கிரண் சத்தம், அர்ஜுன் தொகுப்பு, குமார் எழுத்து, துளசியும் ஷ்யாமும் டைரக்ஷன்.

மகாபலேஸ்வரத்தில் தங்கி, சில லட்ச ரூபாய்க்குள், 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' படத்தை எடுத்தார்கள். 1972-ல் வெளிவந்து நன்றாக ஓடியது. அதன் பிறகு 'புரானா மந்திர்', 'வீரானா' என்று 1980-களில் ஹிந்தி பேய்ப் படம் என்றாலே ராம்சே என்ற நிலை வந்தது.

இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று நான்கு பேராகக் குழு சேர்ந்து, "நீ காமிரா, நான் எடிட்டிங்" என்று பிரித்துக்கொண்டதும் இதே வழிதான். வித்தியாசம் ஒன்று. அவர்களுக்குத் தவறினால் போவது மார்க்கு. ராம்சே குடும்பத்துக்குத் தவறியிருந்தால் போயிருப்பது முதல்.

காகிதத்தில் முதல் படம்

ஆராய்ச்சி முடிந்தால் திட்டம். முதலில் ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் படம் வரைய வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு துண்டு. ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. குச்சி மனிதர்கள் போதும். கட்டத்துக்குக் கீழே எத்தனை விநாடி, என்ன சத்தம், எந்த எழுத்து எங்கே வரும் என்று குறிக்க வேண்டும். இரண்டு நிமிடம் என்றால் 120 விநாடி. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று சம்பளக் கவரைப் பிரிக்கிற மாதிரி பங்கு போட வேண்டும்.

அடுத்து இடம். பகலில் போய்ப் பார்த்த வீடு இரவில் எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டு நாய் குரைக்குமா? மாடிப்படியில் காமிராவை வைக்க இடம் உண்டா? மின் இணைப்பு எங்கே? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஆபத்துக் கணக்கும் எழுத வேண்டும். காட்டில் எடுத்தால் வேர் தடுக்கும். ரத்தச் சாயம் தரையில் சிந்தினால் வழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகமூடி போட்டுக் கத்தியோடு தெருவில் ஒருவன் நடந்தால், அது பொம்மைக் கத்திதான் என்பது எதிரே வருகிற மூதாட்டிக்குத் தெரியாது. அக்கம்பக்கத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இவையெல்லாம் சலிப்பான குமாஸ்தா வேலை என்று முகம் சுளிக்கிறவர்கள் மறுபடியும் 'ஹாலோவீன்' பக்கம் திரும்பிப் பார்க்கலாம்.

அந்தப் படத்தின் கதை அக்டோபர் கடைசியில், இலை உதிரும் காலத்தில் நடக்கிறது. படம் பிடித்ததோ கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். மரமெல்லாம் பச்சை. ஆகவே பழுத்த இலை போலச் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவினார்கள். காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து மூட்டை கட்டி, அடுத்த தெருவில் தூவினார்கள்.

கொலைகாரனின் வெள்ளை முகம் ஒரு கடையில் சில டாலருக்குள் வாங்கிய ரப்பர் முகமூடி. வேறொரு நடிகரின் முகச் சாயலில் செய்தது. அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு கணக்கு. கதையில் அந்த வீடு தொடக்கத்தில் ஆட்கள் குடியிருக்கும் நல்ல வீடு. பதினைந்து ஆண்டு கழித்துப் பாழடைந்த வீடு. கிடைத்த வீடோ உண்மையிலேயே பாழடைந்தது. எனவே பாழ் வீட்டுக் காட்சிகளை முதலில் முடித்தார்கள். பிறகு படக்குழுவினர் எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்து பெயின்ட் அடித்து, படத்தின் முதல் காட்சியைக் கடைசியில் எடுத்தார்கள். உலகமே பேசிய அந்தத் தொடக்கம் படப்பிடிப்பின் இறுதியில் பிறந்தது! இந்த வரிசை காமிரா சொல்லி வருவதில்லை. யாரோ ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து தாளில் எழுதியதால் வருவது.

முலாம்பழமும் சாக்லெட்டும்

சத்தத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். பேய்ப் படத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை மூடுகிறவர்கள் குறைவு.

'சைக்கோ'வின் குளியலறைக் கொலையில் கேட்கும் கத்திக் குத்துச் சத்தம், முலாம்பழ வகைப் பழம் ஒன்றைக் கத்தியால் குத்திப் பதிவு செய்தது. கறுப்பு வெள்ளைப் படம் ஆகையால் ரத்தத்துக்குச் சாக்லெட் பாகு போதுமானதாக இருந்தது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீச்சிட வைத்து எழுதிக் காட்டியதும் மனம் மாறினார்.

பிரபலமான படத்து இசையை எடுத்துப் போட முடியாது என்ற விதியால், மாணவர்களும் சமையலறையைத் துழாவ வேண்டியதாயிற்று. முட்டைக்கோசை ஒடித்தால் எலும்பு முறிகிறது. ஈரத் துணியைப் பிழிந்தால் ஏதோ ஒன்று ஊர்கிறது. வாளியில் சொட்டும் தண்ணீர் போதும், வீடு காலி என்று சொல்லிவிடும்.

1996-ல் வெஸ் க்ரேவன் எடுத்த 'ஸ்க்ரீம்' படத்தின் தொடக்கத்துக்கு ஆதாரமே ஒரு டெலிபோன்தான். வீட்டில் தனியாக ஒரு பெண். போன் அடிக்கிறது. முகம் தெரியாத ஒரு குரல். அந்தக் குரலைக் கொடுத்தவரைப் படப்பிடிப்பில் நடிகையின் கண்ணில் படாமல் மறைத்து வைத்து, உண்மையாகவே போனில் பேச வைத்தார்கள். பார்க்காத மனிதனிடம் பேசும் நடுக்கம் நடிகையின் முகத்தில் தானாக வந்தது. ஆகும் செலவு ஒரு டெலிபோன் இணைப்பு. ஆனால் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

முதலில் சாவது யார்?

எல்லாத் திட்டத்துக்கும் நடுவே ஒரு கடினமான கேள்வி காத்திருந்தது. கடைசி 20 மார்க்குக்காக எழுத வேண்டிய ஏழு கேள்விகளில் ஒன்று அது. உங்கள் படம் சமூகத்தின் எந்தப் பிரிவினரை, எப்படிக் காட்டுகிறது?

பதினாறு வயதுப் பிள்ளைகள் யோசிக்காமல் எழுதும் பேய்க் கதையில், அலறி ஓடுவது எப்போதும் பெண். துரத்துவது பெரும்பாலும் மனநல மருத்துவமனையிலிருந்து தப்பியவன். இது அவர்கள் குற்றமில்லை. பார்த்த படங்களின் குற்றம். 'சைக்கோ'வில் கொலைகாரன் மனநோயாளி. 'ஹாலோவீன்' கொலைகாரன் மருத்துவமனையிலிருந்து தப்பி வருகிறவன்.

ஆனால் வகுப்பில் இருக்கும் முப்பது பேரில், அம்மாவோ அண்ணனோ அப்படி ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்? எல்லோரும் பேயைக் கண்டு அலறும்போது, அவர் தன் வீட்டாரை அல்லவா திரையில் பார்ப்பார்?

பரீட்சைக்காரர்கள் "அப்படி எடுக்காதே" என்று சொல்லவில்லை. "எடுத்தால், ஏன் எடுத்தாய் என்று எழுது" என்றார்கள். எழுதியாக வேண்டும் என்று தெரிந்ததும், கட்டம் போட்ட தாளின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கேள்வி குறுக்கே வரும். அலறும் பெண்ணுக்குப் பதிலாகக் கதவைத் தாழ் போடும் பெண்ணை வைத்தால் என்ன? துரத்துகிறவன் யார் என்று சொல்லாமலே விட்டால் பயம் கூடுமா, குறையுமா?

சினிமா வரலாறே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 'சைக்கோ'வில் குளியலறையில் கொல்லப்பட்ட குமாஸ்தாப் பெண்ணாக நடித்தவர் ஜேனட் லீ. 'ஹாலோவீன்' படத்தில் கொலைகாரனை எதிர்த்து நின்று கடைசியில் உயிர் பிழைக்கும் பெண்ணாக நடித்தவர் ஜேமி லீ கர்ட்டிஸ். ஜேனட் லீயின் சொந்த மகள்! தாய் 1960-ல் தப்பவில்லை. மகள் 1978-ல் தப்பினாள். யாரோ ஒருவர் கதையை மாற்றி எழுதியதால் தப்பினாள்.

மறுபடியும் அதே கதவு

2017-ல் இங்கிலாந்தில் புதிய பாடத்திட்டம் வந்தது. பழைய இரண்டு நிமிடப் பரீட்சை வழக்கொழிந்தது. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் எத்தனையோ மாடிப்படிகளிலும் காட்டுப் பாதைகளிலும், பெற்றோரிடம் அனுமதி வாங்கி, நண்பனின் டார்ச் விளக்கை இரவல் வாங்கி, பிள்ளைகள் பயத்தைத் தயாரித்துப் பார்த்தார்கள். அவர்களில் எல்லோரும் டைரக்டர் ஆகப் போவதில்லை. ஆனால் திரையில் ஒரு நிழல் நகர்ந்தால், அதற்குப் பின்னால் ஒரு தாளும் பென்சிலும் இருந்தன என்பதை அவர்கள் மறக்கப் போவதும் இல்லை.

ஏழு கேள்விகளில் கடைசிக் கேள்வி இதுதான்: முதலில் செய்த அந்தச் சின்னப் பயிற்சியைத் திரும்பிப் பார், அதிலிருந்து இதற்கு வருவதற்குள் என்ன கற்றுக்கொண்டாய்?

மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். முதல் பயிற்சியில் ஒரு கதவு. ஒரு கை அதைத் திறந்தது. ஒருவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேய்ப் படத்திலும் ஒரு கதவு. பல குழுக்களுக்கு அது அதே பள்ளிக்கூடத்தின் அதே கதவாகக்கூட இருந்திருக்கும்.

இந்தத் தடவை கை கைப்பிடியைத் திருகியது. கதவு பாதி திறந்தது. அங்கேயே நின்றது. எழுத்து போட்டார்கள்.